மனைவி பட்ட பழங்கடன்

நான் இங்கிலாந்துச் சரித்திரம் கற்பித்த நாள்களில், மணமான மாதர் சொத்துரிமைச் சட்டத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஒருநாள் பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "சொத்து மனைவியுடையது என்றால், மணத்துக்கு முன் அவள் பட்ட கடன் யாருடையது, ஐயா?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த 'நாளை' வருவதற்குப் பல வாரங்கள் ஆயின.

பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண் கணவனுள் அடக்கம். அவளுடைய ரொக்கமும் தட்டுமுட்டுச் சாமான்களும் மணமான அன்றே அவனுடையவை ஆயின; அவள் முன்பு பட்ட கடனும் அவன் தலையில் ஏறியது. அவள் கொண்டுவந்தது எவ்வளவு என்று சட்டம் கேட்கவில்லை.

இதனால் விளைந்த விநோதங்கள் பல. பதினெட்டாம் நூற்றாண்டில், லண்டனில் ஃப்ளீட் சிறையை அடுத்த தெருக்களில், கடனுக்காகச் சிறைப்பட்ட பாதிரிமார் கூலிக்குத் திருமணம் நடத்தினர். கடன்பட்ட பெண்கள் அங்கே சென்று, காசுக்கு இசைந்த ஓர் ஏழையை மணந்து, கடனை அவன்மேல் சுமத்தி மீண்டனர். 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இவ்வணிகத்துக்கு முடிவு கட்டியது. மாப்பிள்ளைமாருக்கும் ஓர் உபாயம் இருந்தது. மணமகள் உள்ளாடை ஒன்றோடு மட்டும் வந்து நின்றால், உடைமை எதுவும் வரவில்லையாதலால் கடனும் வராது என்று இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பலர் நம்பினர். சட்டத்தில் இதற்கு ஆதாரமில்லை. ஆயினும் சட்டத்தைவிட அந்த எளிய மக்களே நியாயத்தை நன்கு உணர்ந்திருந்தனர் என்பேன்.

பாராளுமன்றம் அதை உணரத் தடுமாறியது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக்கியது. அவளது பழங்கடனிலிருந்து கணவனை முற்றும் விடுவித்தது. ஆனால் அவளுடைய மற்ற உடைமைகளிற் பெரும்பகுதி முன்போலவே அவனைச் சேர்ந்தது! கடன் கொடுத்தவர் வெறுங்கையோடு நின்றார். 1874-இல் திருத்தம் வந்தது: மனைவி வழியாகப் பெற்ற சொத்தின் அளவுக்கு மட்டும் கணவன் பொறுப்பு. 1935-இல் அந்தப் பொறுப்பும் நீங்கியது.

நம் நாட்டில் 1865-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், திருமணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவர்க்கு உரிமை எழாது என்றது. எனவே 1874-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், 1865 டிசம்பர் 31-க்குப் பின் மணந்த கணவன் மனைவியின் முன்கடனுக்குப் பொறுப்பல்லன் என்று தெளிவாகச் சொல்லிற்று. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அச்சட்டத்தின் இவ்விதி பொருந்தாது.

வருமான வரியின் கதை வேறு. மனைவியின் வருமானம் கணவனுடையதாகக் கருதப்படும் என்ற பிரிட்டிஷ் விதி, சொத்துச் சட்டங்கள் மாறிய பின்னும் அசையாது நின்றது. எலிசபெத் வில்க்ஸ் என்னும் பெண் மருத்துவர், வாக்குரிமை இல்லாத தாம் வரி செலுத்த மாட்டோம் என்று மறுத்தார். 1912-இல் அவருடைய கணவர் மார்க் வில்க்ஸைப் பிடித்துப் பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தனர். மனைவியின் பணத்தில் ஒரு காசைத் தொடவும் அவருக்கு உரிமையில்லை. அதன் வரிக்கு மட்டும் அவர் கடனாளி! அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று படித்தபோது, புத்தகத்தைச் சற்றே மூடிவைத்தேன்.

பெருங்கிளர்ச்சி எழுந்தது, சில நாள்களில் அவரை விடுவித்தனர். விதியோ 1990 ஏப்ரல் வரை இருந்தது.