நின்றே கிடக்கும் காரா? பேட்டரியைக் கவனியுங்கள்

சிவப்பு எண் தகடு பொருத்திய காரை வார நாள்களில் காலை 7 முதல் மாலை 7 மணிவரை ஓட்டத் தனிக் கட்டணம் உண்டு. அதனால் அத்தகைய கார்கள் பெரும்பாலும் வீவக கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கின்றன. சில வாரங்கள் தொடாமல் விட்டால், குடும்பத்தோடு தேக்காவுக்குக் கிளம்பும் ஞாயிறு காலையில் ‘டிக் டிக்’ சத்தம்தான் மிஞ்சும்.

இன்ஜினை அணைத்த பிறகும் அலாரம், கடிகாரம், காரின் கணினி ஆகியவை மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லிஆம்பியர் என்றால், நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று வாரத்தில் பாதிக்குமேல் காலி. நம் வெப்பத்தில் பேட்டரி தானாகவும் வடியும். வடிந்த நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்; பிறகு முழுமையாக மின்னேற்ற முடியாது.

கீழே இறங்கிப் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு வருவது பலரின் வழக்கம். அதில் அவ்வளவாக மின்னேறாது. போதாததற்கு, நிறுத்திய வாகனத்தில் தேவையின்றி இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். தோ பாயோவிலிருந்து தேக்கா போன்ற குறுகிய பயணமும், ஏர்கானும் விளக்கும் போட்டால், போதாது. வாரம் ஒருமுறை தீவு விரைவுச்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டுவது நல்லது.

ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம், 12.4க்குக் கீழ் இறங்கினால் மின்னேற்றவேண்டும்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைக்கலாம். பிறகு ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவியால்தான் பூட்டவேண்டும்.