மாட்டின் ஏப்பமும் மட்டக்களப்பின் மேய்ச்சல் தரையும்

"மாடு காத்து விட்டா உலகம் சூடாகுமாமே, மெய்யா புள்ள?" சித்தாண்டியில் வயதான பட்டிக்காரர் ஒருவர் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மெய்தான் ஐயா, ஆனால் பின்னால் அல்ல, வாயால் என்றேன். மாடு வெளிவிடும் மெதேன் வாயுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏப்பமாகத்தான் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதலாவது பெரிய அறையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்கின்றன. அப்போது ஐதரசன் உண்டாகிறது. அங்கே வாழும் இன்னொரு வகை நுண்ணுயிர் அந்த ஐதரசனைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதேனாக்குகிறது. வைக்கோல், முற்றிய புல் போன்ற நார்த்தீனி அசற்றிக் அமிலத்தைக் கூடுதலாகத் தரும். அதனுடன் ஐதரசனும் கூடும். தவிடும் தானியமும் தரும் புரொப்பியோனிக் அமிலமோ ஐதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தீனி மாறினால் மெதேனும் மாறுகிறது.

பட்டிக்காரருக்கு இதில் நேரடி நட்டமும் உண்டு. மாடு உண்ணும் தீனியின் சக்தியில் 2 முதல் 12 வீதம் வரை மெதேனாகக் காற்றில் போகிறது. நல்ல தீனி தின்னும் மாடு கூடுதலாக உண்பதால் அதன் மொத்த மெதேனும் கூடலாம். ஆனால் பால் அதைவிட வேகமாகக் கூடும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் சொல்கிறேன்: 200 லீற்றர் வாயு விட்டு 1 லீற்றர் பால் தரும் மாட்டைவிட, 300 லீற்றர் விட்டு 4 லீற்றர் பால் தரும் மாடு மேல். ஒரு லீற்றர் பாலுக்கு அது 75 லீற்றர்தான் விடுகிறது.

அப்படியானால் நல்ல புல் எங்கே? பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாடுகள் வயற்பக்கம் நிற்க முடியாது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டவேண்டும். அங்கே நடந்த அத்துமீறல்களை எதிர்த்துத்தான் 2023 செப்டெம்பர் 15 முதல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். 2007 இல் படுவான்கரையை விட்டு ஓடியபோது மாடுகளை இழந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பட்டியைக் கட்டியெழுப்பியவர்களும் இப்பகுதியில் உண்டு. தரை சுருங்கினால் முற்றிய புல்லும் வெறும் வைக்கோலும்தான் மிஞ்சும். காலநிலைக் கூட்டங்களில் மாட்டைக் குறை சொல்பவர்கள் இந்தக் காணிப் பிரச்சினையைப் பேசுவதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

காணி இல்லாமலும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அறுவடைக்குப் பின் எரிக்கும் வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தலாம்; இலங்கையில் 1980களிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 100 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் 7 முதல் 10 நாள் மூடிவைக்கவேண்டும். கொடுக்குமுன் விரித்து மணம் போகவிடவேண்டும். வைக்கோல் செரிப்பது கூடும், மாடு தின்னும் அளவும் கூடும். யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் செத்துவிடும். அசைபோடத் தொடங்காத கன்றுக்கு இந்த வைக்கோலும் ஆகாது.

வேலியில் நிற்கும் கிளிசரியாக் குழை புரதம் தரும். இபில் இபில் குழையிலுள்ள துவர்ப்புப் பொருள் மெதேனைக் குறைக்கும். ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு, தீனியில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. தேங்காய்ப் புண்ணாக்கில் எஞ்சியிருக்கும் எண்ணெயும் மெதேனைக் கொஞ்சம் குறைக்கும். எண்ணெய் மிஞ்சினால் நார் செரிக்காது.

அவுஸ்திரேலியாவில் ஒரு சிவப்புக் கடற்பாசியைத் தீனியில் சிறிதளவு சேர்த்து மெதேனைப் பெருமளவு குறைத்த செய்தி நம்மூர் வட்சப்பிலும் சுற்றியது. அது அஸ்பராகொப்சிஸ் என்ற தனி இனம். வாவியில் ஒதுங்கும் பாசியை அள்ளி வந்து மாட்டுக்குப் போடவேண்டாம்.