பொருநைக் கரையோரம் – 11: கடைசி அணைக்கட்டின் ஊர்

சென்ற வாரம் மருதூர் அணையில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து தாமிரபரணி கிழக்கே நகர்ந்து ஸ்ரீவைகுண்டத்தை அடைகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்வதற்குள் இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் வெள்ளையர் ஆட்சிக்கு முன்பே நம்மவர்கள் கட்டியவை. எட்டாவது ஸ்ரீவைகுண்டம். மேலே உள்ள ஏழு அணைகளின் கால்வாய்க்காரர்களும் பாய்ச்சியது போக மிஞ்சுவதுதான் இங்கே வந்து சேரும். இந்த ஊரின் பழைய கதையை எந்தப் பக்கம் தொட்டாலும் நெல்லும் தண்ணீரும்தான் கைக்கு வருகின்றன.

நெல்லின் கதையை மிகப் பின்னாலிருந்தே தொடங்க வேண்டும். ஊருக்கு மேற்கே, தென்கரையில், திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையோரம் செம்மண்ணும் சரளையுமாக மேடிட்டுக் கிடக்கும் பரம்புதான் ஆதிச்சநல்லூர். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் இங்கே தோண்டித் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரே நடத்திய அகழாய்வில் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் கிடைத்தன. வடகரையில் சில கிலோமீட்டர் தள்ளி சிவகளைப் பரம்பு. அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லைப் பரிசோதித்தபோது, அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. அதே சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு பற்றிய வாதங்கள் உலக அளவில் இன்னும் நெடுநாள் நடக்கும், நடக்கவும் வேண்டும். எனக்கு அந்த நெல்தான் பெரிதாகப் படுகிறது. இறந்தவரோடு நெல்லை வைத்து வழியனுப்பும் அளவுக்கு இந்தக் கரைகளில் அன்றே விளைச்சல் இருந்திருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகள் கழித்தும் அதே மண்ணில் நாற்று நடுகிறார்கள்.

வடகரையில் அமைந்த ஊருக்குள் நுழைந்தால் ஒன்பது நிலைக் கோபுரம் முதலில் கண்ணில் படும். நவதிருப்பதிகளில் முதலாவதான வைகுண்டநாதர் கோயில் அது. நம்மாழ்வார் பாடிய தலம். மூலவர் ஆதிசேடன் குடைபிடிக்க நின்ற கோலத்தில் இருக்கிறார். சித்திரையிலும் ஐப்பசியிலும் குறிப்பிட்ட நாட்களில் காலைக் கதிர் நேரே கருவறைக்குள் போய் அவர்மேல் விழும். உற்சவருக்குப் பெயர் கள்ளபிரான். காலதூஷகன் என்ற திருடன், கொள்ளையடித்ததில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்தானாம். அரண்மனையில் கைவைத்து மாட்டிக்கொள்ளும் நிலை வந்தபோது, பெருமாளே அவன் உருவில் அரசன் முன் போய் நின்றார் என்பது தலபுராணம். அந்த உற்சவரின் கன்னத்தில் சிறு வடு ஒன்று உண்டு. வார்த்து முடித்த சிற்பி, அழகில் சொக்கிப்போய்க் கன்னத்தைக் கிள்ளிவிட்டான் என்பார்கள். அலங்காரம் கலைந்த நேரத்தில் அருகே நின்று பார்ப்பவர்களுக்கு அர்ச்சகர்கள் அதைச் சுட்டிக்காட்டுவதுண்டு. திருவேங்கடமுடையான் மண்டபத்துத் தூண் சிற்பங்களுக்காகவே ஒரு முழுப்பகல் ஒதுக்கலாம்.

இதே ஊரில் கைலாசநாதர் கோயிலும் இருக்கிறது. நவகைலாயங்களில் இது சனித் தலம். மரத்தால் செய்த பூதநாதர் இங்கே காவல் தெய்வம். முற்காலத்தில் இரவு நடை சாத்தியதும் சாவியை அவர் முன் வைத்துவிட்டுப் போவார்கள் என்று சொல்லப்படுகிறது. குமரகுருபரர் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஐந்து வயது வரை பேசாதிருந்த பிள்ளை, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதாக வரலாறு. மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றி, காசிக்குப் போய் அங்கே மடம் நிறுவியவர் அவர். அவர் பெயரில் கல்லூரி ஒன்று ஊரில் நடக்கிறது. சுற்றுக் கிராமங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அங்கே படித்து வெளியே வந்தவர்கள்.

கிழக்கிந்தியக் கும்பினி காலத்துக்கு வருவோம். ஆற்றுப் பாசனத்தில் விளைந்த நெல் கிஸ்தியாக வந்து குவியும் இடமாக ஸ்ரீவைகுண்டம் இருந்தது. பாஞ்சாலங்குறிச்சியோ கரிசல் காட்டில், ஆற்றுக்கு எட்டாத தூரத்தில் இருந்த பாளையம். கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை, ஸ்ரீவைகுண்டத்து நெற்களஞ்சியத்தைச் சூறையாடச் செய்தார் என்பது கட்டபொம்மன் கதையில் ஒரு திருப்பம். 1799-இல் தானாபதிப் பிள்ளையை நாகலாபுரத்திலும் கட்டபொம்மனைக் கயத்தாற்றிலும் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி மீண்டும் கோட்டை கட்டினார். அப்போது இங்கிருந்த கும்பினிச் சிப்பாய்கள் கோயிலையே கோட்டையாக்கி உள்ளே அடைந்துகொள்ள, பாளையக்காரர் படை வெளியே சூழ்ந்தது. பாளையங்கோட்டையிலிருந்து துணைப்படை வந்துதான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. மானாவாரிக் காடு, ஆற்றங்கரை நெல்லுக்குக் கைநீட்டிய சண்டை இது என்றும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வீரத்தை மட்டும் சொல்லும்போது இந்தப் பசி விடுபட்டுப்போகிறது.

ஊருக்குள் இன்னொரு கோட்டையும் இருந்தது. நாற்புறமும் மண்சுவர் எழுப்பி, அதற்குள் கோட்டைப் பிள்ளைமார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. ஆண்கள் வெளியே வந்து நிலபுலன்களைக் கவனித்தார்கள். பெண்கள் அந்தச் சுவருக்குள் பிறந்து, அதற்குள்ளேயே மணமுடித்து, அதற்குள்ளேயே முதுமை அடைந்தார்கள். அருகில் ஓடும் ஆற்றில் இறங்கிக் குளிக்கவும் அவர்களுக்கு வழியில்லை. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஏற்பாடு உடைந்தது, குடும்பங்கள் குறைந்தன, மிஞ்சியவர்கள் வெளியே வந்து ஊரோடு கலந்தார்கள். மானிடவியலாளர் கமலா கணேஷ் அந்தக் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்து 1993-இல் நூல் வெளியிட்டார். அந்தச் சுவரை மரியாதை என்று புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. என்னால் அப்படி எழுத முடியவில்லை. உள்ளே கழிந்த எத்தனையோ வாழ்நாட்களைப் பற்றி அந்தப் பெண்களின் கைப்பட ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

இனி அணைக்கட்டு. 1860களின் இறுதியில் தொடங்கிய வேலை 1870களின் முற்பகுதியில் முடிந்தது. மேலே மருதூர் அணையின் மேலக்காலும் கீழக்காலும் எட்டாத நிலங்களுக்கு நீர் தருவது நோக்கம். அணையின் இடப்புறம் வடகால், வலப்புறம் தென்கால். இரண்டும் நேரே வயலுக்குப் போவதில்லை. முதலில் ஒரு குளத்தை நிரப்பும், அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம், அதற்கடுத்து இன்னொன்று. வடகால் பெருங்குளத்தையும் மற்றக் குளங்களையும் நிறைத்துத் தூத்துக்குடி எல்லையில் கோரம்பள்ளம் வரை போகிறது. தென்காலில் கடம்பாகுளம் பெரியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்கள், இருபத்தைந்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். அணை கட்டிச் சில ஆண்டுகளுக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அந்த நேரத்தில் இப்படி ஒரு ஆற்றுப் பாசனம் கைவசம் இருந்தது இந்தப் பகுதிக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தென்மேற்குப் பருவமழையில் கார், வடகிழக்குப் பருவமழையில் பிசானம் என்று இங்கே இரண்டு போகம். 1940களில் பாபநாசம் அணையும் 1958-இல் மணிமுத்தாறும் வந்த பிறகு திறப்பதும் நிறுத்துவதும் அதிகாரிகள் கைக்குப் போயிற்று. நீர் குறைந்த ஆண்டுகளில் கார் சாகுபடிக்கு மேல்கால்வாய்களோடு நிறுத்திவிடுவார்கள். கடைமடைக்காரர்கள் தரிசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போதாததற்கு, தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் கொண்டுபோகும் திட்டத்துக்கும் நீர் இந்த அணையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அணையோ மணலும் அமலையும் மண்டித் தூர்ந்துகிடந்தது. தேக்கும் உயரமே எட்டடி. அதில் பாதிக்கு மேல் மண் என்றால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்? தூர்வாரக் கோரிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015-இல் தூர்வாரும் வேலை தொடங்கியது. அள்ளியது மண்ணா, விற்றது மணலா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது.

தண்ணீர் இல்லாததுதான் நூறாண்டுக் குறை என்றிருந்த ஊரில் 2023 டிசம்பர் 17 இரவு நடந்தது வேறு. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டிய மழை ஏறத்தாழ ஒரே நாளில் இறங்கிவிட்டது. மேலேயிருந்து ஆற்று வெள்ளம் வேறு. வடகாலிலும் தென்காலிலும் ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்தின் கரையில் போய் மோதும். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. கோரம்பள்ளமும் உடைந்து தூத்துக்குடித் தெருக்களில் வெள்ளம் நின்றது. வாழைத் தோட்டங்கள் குலையோடு சாய்ந்தன.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயிலை ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்திவைத்தார்கள். நிலையம் இருப்பது ஊரில் இல்லை, தென்கரையில் புதுக்குடி அருகே. அப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. வண்டியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. சுமார் 800 பயணிகளில் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட, மீதிப்பேர் ரயிலிலும் நிலையத்திலுமாக இரண்டு நாள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தது பிறகு. அதற்கு முன்பே, தங்கள் வீடுகளையும் தண்ணீர் சூழ்ந்திருந்த நிலையில், புதுக்குடி மக்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துப் பயணிகளுக்குப் பரிமாறினார்கள். 19-ஆம் தேதி பயணிகள் நடந்தும் பேருந்திலுமாக வாஞ்சி மணியாச்சி போய் வேறு ரயிலில் சென்னை சேர்ந்தார்கள். இந்த ஊரின் பெயரை இந்தியா முழுவதும் கேட்ட நாட்கள் அவை.

இன்றைக்குப் போனால் ஊர் தன் பாட்டுக்கு இயங்குகிறது. 1952 தேர்தலில் ஒரு மக்களவைத் தொகுதிக்கே பெயர் கொடுத்த ஊர், இப்போது ஒரு பேரூராட்சி, வட்டத் தலைநகர். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது இதுவும் நெல்லையிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிப் பேருந்துகள், மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயப் பேருந்துகள் வந்து இறக்கிவிட்டுப் போகும். தைப்பூசத்துக்கு முன்னே பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் தென்கரைச் சாலையை நிறைத்துக்கொண்டு செந்தூர் போவார்கள். தாலுகா அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும் கிராமத்து மக்கள், வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு விவசாயிகள் கேட்பது இரண்டு: உடைந்த குளக்கரைகளை மண்மூட்டை வைத்து ஒப்பேற்றாமல் நிரந்தரமாகக் கட்ட வேண்டும், அணையை முழுமையாகத் தூர்வார வேண்டும். இரண்டுமே புதிய கோரிக்கை இல்லை. கரைகள் பலமாக இருந்து, குளங்கள் தங்கள் கொள்ளளவுக்கு நீரைப் பிடித்தால், வெள்ளத்தின் வேகம் குறையும்; அதே நீர் கார் சாகுபடிக்கும் மிஞ்சும். அடுத்த பருவமழைக்கு முன்பே அந்த வேலை நடந்தாக வேண்டும்.

அடுத்த வாரம் ஏரலைக் கடந்து, கடல் விலகிப்போன துறைமுகமான கொற்கைக்குப் போகிறோம்.