ஈரெழுத்துக் குறியீடும் ஒரு தீவுக்கூட்டமும்

இணைய முகவரிகளின் பின்னொட்டுகளுக்கு அடித்தளமிட்ட ஆவணத்தை ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் ஆகிய இருவரும் 1984 அக்டோபரில் வெளியிட்டனர். வணிகத்திற்கு ‘காம்’, கல்விக்கு ‘எடு’, அரசுக்கு ‘கவ்’, படைத்துறைக்கு ‘மில்’, பிற அமைப்புகளுக்கு ‘ஆர்க்’ என அது வகுத்தது. இவற்றுள் ‘கவ்’, ‘மில்’ இரண்டும் அமெரிக்க அரசுக்கே உரியவையாக நிலைபெற்றன. ஏனைய அரசுகள் தத்தம் நாட்டுக் குறியீட்டிற்குள்ளேயே இடம் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்திய அரசின் தளங்கள் ‘கவ்.இன்’ என முடிவது இதனால்தான்.

அந்நாட்டுக் குறியீடுகளை வகுத்தபோது ஓர் அரசியல் சிக்கல் எழுந்தது. எது நாடு, எது நாடன்று என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அப்பொறுப்பைப் பொறியாளர்கள் ஏற்கவில்லை. 1974இல் முதன்முதலாக வெளிவந்த ஐஎஸ்ஓ 3166 என்னும் பன்னாட்டுத் தரப் பட்டியலின் ஈரெழுத்துகளை அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். நாட்டுத் தகுதியைத் தீர்மானிப்பது தமது பணியன்று என 1994ஆம் ஆண்டு ஆவணத்தில் போஸ்டல் தெளிவாகவே எழுதினார். இந்தியாவின் ‘இன்’ 1989இல் இம்முறையிலேயே வழங்கப்பட்டது.

எனினும், பட்டியலைச் சார்ந்திருந்ததால் வரலாற்றிலிருந்து விலகி நிற்க இயலவில்லை. யுகோஸ்லாவியா சிதைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர், 2010இல் ‘ஒய்யு’ நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்திற்கு 1990இல் வழங்கப்பட்ட ‘எஸ்யு’வோ, அடுத்த ஆண்டே அவ்வொன்றியம் கலைந்த பின்னும் நீக்கப்படாமல் புழக்கத்தில் தொடர்ந்தது.

இவற்றினும் கூர்மையான சான்று ‘ஐஓ’. உள்ளீடு, வெளியீடு என்னும் கணினிச் சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளோடு ஒத்திருப்பதால் மென்பொருள் நிறுவனங்கள் இதனை விரும்பிப் பெறுகின்றன. ஆயினும் அது குறிப்பது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதியை. 1965இல், மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதனிடமிருந்து பிரித்துப் பிரிட்டன் இப்பகுதியை உருவாக்கியது. டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக, 1973க்குள் தீவுகளின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1997இல் ‘ஐஓ’ செயற்பாட்டிற்கு வந்தபோது, அக்குறியீட்டிற்குரிய நிலத்தில் படைத்தளத்தைச் சார்ந்தோரன்றிக் குடிமக்கள் எவருமில்லை.

பசிபிக் தீவு நாடான துவாலுவின் நிலை இதற்கு நேர்மாறானது. 1978இல் விடுதலை பெற்ற அந்நாட்டிற்கு ‘டிவி’ என்னும் குறியீடு வாய்த்தது. தொலைக்காட்சியை நினைவூட்டும் அவ்வெழுத்துகளின் உரிமத் தொகை, 2000இல் துவாலு ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராவதற்குக் கைகொடுத்தது. இரண்டும் சிறு தீவுக்கூட்டங்களே. இரண்டின் குறியீடுகளும் தற்செயலாகவே சந்தை மதிப்புப் பெற்றன. துவாலு மக்களுக்கு அரசு இருந்தமையால் பயன் அவர்களைச் சேர்ந்தது. சாகோஸ் மக்களோ ‘ஐஓ’ வருவாயில் தமக்குரிய பங்கைக் கோரி முறையிடும் நிலையில் இருந்தனர்.

சாகோஸ் மீதான பிரிட்டனின் ஆட்சி சட்டப்படி செல்லாது எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2019இல் ஆலோசனைக் கருத்து வழங்கியது. இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதற்கான உடன்படிக்கை 2025 மே மாதத்தில் கையொப்பமாயிற்று. அவ்வாட்சிப்பகுதி மறைந்து, ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்தும் அதன் குறியீடு நீக்கப்படுமாயின், ‘ஐஓ’வைப் படிப்படியாக விலக்கும் நடைமுறை தொடங்க வேண்டியிருக்கும். அவ்வாறு நிகழுமா என்னும் கவலை மென்பொருள் உலகில் பரவலாகப் பேசப்படுகிறது. முகவரியை இழக்கக்கூடிய நிறுவனங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள ஆண்டுக்கணக்கில் அவகாசம் தர விதிகளில் இடமுண்டு. வீட்டையும் ஊரையும் இழந்த சாகோஸ் மக்களுக்கு அத்தகைய அவகாசம் எதுவும் தரப்படவில்லை. நடுநிலையானதெனக் கருதப்பட்ட ஈரெழுத்துப் பட்டியல் நிலத்தைப் பதிவு செய்தது. அந்நிலத்திற்குரிய மக்களைப் பதிவு செய்ய அதில் இடமில்லை.