கொடிமலையை மேகம் மூடினால்

செபராங் ஜெயாவில் இருந்து பார்த்தால் மூன்று திசையிலும் மலை தெரியும். மேற்கே கடலுக்கு அப்பால் பினாங்குக் கொடிமலைத் தொடர், உச்சி 833 மீட்டர். கிழக்கே புக்கிட் மெர்தாஜாம் குன்று. வானம் தெளிந்த நாளில் வடக்கே கெடாவின் குனோங் ஜெராய், 1,217 மீட்டர். கடாரம் நோக்கி வந்த பழைய மாலுமிகளுக்குக் கரை இருக்கும் இடத்தைத் தொலைவிலேயே காட்டிக்கொடுத்தது ஜெராய். 1930களில் இந்தக் கரையோரம் பறந்த சிறு விமானங்களின் ஓட்டிகளும் இதே மலைகளைப் பார்த்துத்தான் வழி பிடித்தார்கள். மேகம் இறங்கிவிட்டால் வழிகாட்டிய மலையே எமனாகிவிடும். இந்தச் சிக்கலில் இருந்து பினாங்கு வான்வழி எப்படி மீண்டது என்று கேட்டால், விமானிகளின் துணிச்சலையும் பெரிய விமானங்களின் வருகையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டும் போதாது என்பது என் கருத்து. தன் உடம்பு சொல்வதை நம்பாதிருக்க விமானி கற்றுக்கொண்டதும், தரையில் இருந்து அவருக்கு ஒரு குரல் கிடைத்ததும் சேர்ந்துதான் மழைக்குள் வழி திறந்தன.

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் பினாங்கில் இருந்து ஹாங்காங்குக்கு விமானம் விட்டது. 1937 ஜூன் 28 அன்று வேர்ன்ஸ் ஏர் சர்வீசஸ் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு வழித்தடத்தைத் தொடங்கியது. அவர்கள் ஓட்டிய டிராகன் ரேப்பிட், மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். மூக்கில் ஒரே ஒரு விமானி. பின்னால் ஏழெட்டுப் பயணிகள். கடற்கரையும் ரயில் பாதையும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வரை அதற்கு வழி தவறாது. ஆனால் மலாக்கா நீரிணையின் வானம் கண்ணை நம்பிப் பறப்பவருக்கு இரக்கம் காட்டாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இரவோடு இரவாகத் திரண்டு, விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்குக் கரையை வந்து அடிக்கும் புயல்மழை வரிசைகளுக்குச் ‘சுமத்ரா’ என்றே பெயர். பயணிகள் விமானம் ஏறும் காலை நேரத்தில்தான் அவையும் வந்து நிற்கும்.

மேகத்துக்குள் போன விமானிக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் காதின் உட்பகுதியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது திரவம் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டைத்தான் திருப்பமாக மூளை உணர்கிறது. திருப்பம் ஒரே சீராக நீடித்தால் திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். ஏறக்குறைய இருபது நொடியில், வளைந்துகொண்டிருக்கும் விமானம் நேராகப் போவதாகத் தோன்றிவிடும். இறக்கை மிக மெதுவாகச் சரிந்தால் அதுவும் தெரியாது. சரிவைத் திருத்தினாலோ, எதிர்ப்பக்கம் கவிழ்வதுபோல் இருக்கும். உயரம் குறைவதைக் கண்டு விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுப்பார். சரிந்த நிலையில் அந்த இழுப்பு சுழலை இன்னும் இறுக்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஒரு சிறு விமானத்தை ஓட்டவைத்துப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடி. துணிச்சல் இங்கே எதற்கும் உதவவில்லை. தன் உணர்வில் உறுதியாக இருப்பவர் தவறான திசையில் இன்னும் உறுதியாக இழுப்பார், அவ்வளவுதான்.

இதற்கான மருந்து 1929 செப்டம்பர் 24 அன்றே காட்டப்பட்டுவிட்டது. நியூயார்க் அருகே மிட்செல் களத்தில் ஜேம்ஸ் டூலிட்டில், மூடிய இருக்கைக்குள் அமர்ந்து, வெளியே பார்க்காமலே ஏறி, வட்டமிட்டு, இறங்கினார். சுழல்தட்டால் இயங்கும் செயற்கைத் தொடுவானம், திசைகாட்டி, கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி ஆகியவை அவர் முன்னால் இருந்தன. அந்தப் பறப்பைக் கருவிகளின் வெற்றியாக மட்டும் சொல்கிறார்கள். களத்துக்கு வழிகாட்டத் தரையில் இருந்து ரேடியோ அலை அனுப்பப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறக்கை சமமாக இருக்கிறதா என்று செயற்கைத் தொடுவானம் சொல்லும். கொடிமலை எங்கே என்று அது சொல்லாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இந்தியாவில் இருந்து வரும். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்கும், நெவில் வின்சென்ட் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் பஸ் மாத் விமானங்களில் அஞ்சல் கொண்டுவந்தார்கள். அந்த விமானங்களில் ரேடியோ கிடையாது. அப்படியும் முதல் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையைத் தாண்டி ஒரு தடவைகூட அஞ்சல் தாமதமாகவில்லை என்று அரசின் விமானத் துறையே பாராட்டியது. கருவியும் குரலும் இல்லாமல் இது நடந்திருக்கிறதே? நடந்தது, அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. எப்படி நடந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சிலரே வாரந்தோறும் ஒரே தடத்தில் பகலில் பறந்து ஒவ்வொரு கணவாயையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். மழைக்காலத்தில் பம்பாயின் ஜூஹூ களம் நீரில் மூழ்கியதால் புனேவுக்கு மாறினார்கள். மழைக்கு வளைந்துகொடுத்து, தரையைக் கண்ணை விட்டு அகலவிடாமல் பெற்ற வெற்றி அது. அந்தச் சிலரின் அறிவை வேறொரு தடத்துக்கோ இரவுக்கோ எடுத்துச் செல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு நேர் எதிரானது. கருவிகளைப் பார்த்துப் பறப்பதில் தேர்ந்தவர்களே இந்தப் பக்கம் மறைந்துபோகவில்லையா? 1928இல் சதர்ன் கிராஸ் விமானத்தில் பசிபிக் பெருங்கடலை முதலில் கடந்த சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், வழியில் புயல்மேகங்களுக்குள் கருவிகளைக் கொண்டே விமானத்தை நடத்தியவர். 1935 நவம்பரில் அலகாபாத்தில் இருந்து சிங்கப்பூருக்கு டாமி பெத்திபிரிட்ஜுடன் வேறொரு விமானத்தில் இரவு முழுவதும் பறந்தவர், 8ஆம் தேதி பர்மா கரைக்கு அப்பால் காணாமல் போனார். 1937இல் அந்த விமானத்தின் சக்கரமும் அதன் காலும் மார்த்தபான் வளைகுடாப் பக்கம் கிடைத்தன. காரணம் இன்றுவரை தீர்மானமாகவில்லை. எனவே அவர் எதில் தவறினார் என்று பேச இடமில்லை. ஆனால் வங்கக்கடல் மேல் நள்ளிரவில் பறக்கும் ஒரு சிறு விமானத்துக்கு, அது இருக்கும் இடத்தையும் முன்னால் உள்ள வானிலையையும் சொல்லித் துணை நிற்கும் தரை நிலையங்களின் தொடர் அன்று இல்லை. பாதி மருந்துடன் அவர் பறந்தார்.

மருந்தின் இரு பாதியையும் சாதாரண விமானிக்குக் கொண்டுவந்து சேர்த்தது போர். பட்டர்வொர்த் விமானத்தளம் 1941 அக்டோபரில் திறந்தது. இரண்டே மாதத்தில் ஜப்பானியர் தாக்கினார்கள். அதே ஆண்டுகளில் வேறு இடங்களில், தரையில் நின்றபடியே ஆடும் லிங்க் பயிற்சிப் பெட்டிகளிலும் ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பயிற்சி விமானத்திலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பார்வையை மறைத்துப் பறக்கக் கற்றார்கள். 1947 மே 1 அன்று மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரில் இருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்கு விட்ட ஏர்ஸ்பீட் கான்சல், அந்த ஆக்ஸ்ஃபோர்டையே பயணிகளுக்காக மாற்றிய வடிவம். ஐந்தாறு பேர் மட்டும் அமரும் அது வேர்ன்ஸின் ரேப்பிட்டைவிடப் பெரியதல்ல. ஆக, போருக்கு முன்னும் பின்னும் இந்த வழியில் மாறியது விமானத்தின் அளவு என்று சொல்ல முடியாது. விமானத்துக்குள் இருந்தவரின் பயிற்சியும், வெளியே அவரோடு பேசியவர்களின் ஏற்பாடும் மாறியிருந்தன.

பெரிய விமானம் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்பவர்கள் நீரிணையின் மறுகரையைப் பார்க்க வேண்டும். 1997 செப்டம்பர் 26 அன்று, பினாங்கையும் மூச்சுத்திணற வைத்த அதே புகைமூட்டப் பருவத்தில், மெடானில் இறங்க வந்த கருடா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 மலைச்சரிவில் மோதியது. 234 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளருக்கும் விமானிக்கும் இடையே எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் குழப்பம் நேர்ந்திருந்தது. தரைக்குரல் பிசகினால் விமானத்தின் பருமன் காப்பாற்றாது. பயிற்சியும் ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் நிற்பதல்ல. காதுக்குள் இருக்கும் திரவம் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பல ஆண்டு பறந்தவருக்கும் அது முதல் நாள் சொன்ன பொய்யையே சொல்லும். அதனால்தான் சிறு விமானம் ஓட்டுபவருக்கும் கருவிப் பறப்புத் தகுதி கெடு வைத்தே தரப்படுகிறது. கெடு முடிந்ததும் தேர்வாளர் பக்கத்தில் அமர, வெளிப்பார்வையை மறைத்துக்கொண்டு அவர் மறுபடியும் பறந்து காட்ட வேண்டும்.