பாட்டும் வாக்கும்

சுபாங் ஜெயா நகரம் 1976இல் உருவாகத் தொடங்குமுன் அந்நிலம் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக விளங்கியது. அத்தகைய தோட்டங்களின் திடல்களில் திரைகட்டிக் காட்டப்பட்ட படங்களால் எம்.ஜி.ஆர். பாடல்கள் தொழிலாளர் நெஞ்சில் குடிபுகுந்தன. 1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில், சாட்டையேந்திய நாயகன், ஆளும் வாய்ப்புத் தனக்குக் கிட்டின் எளியோர் வாழ்வு மலரும் எனப் பாடுகின்றான். இயற்றியவர் வாலி, பாடியவர் டி.எம்.சௌந்தரராசன். 1967இல் எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார், 1977இல் முதலமைச்சரானார்.

1972இல் அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் பாடிய தேர்தல் பாடலோ, பதவி வேட்கையை நையாண்டி செய்தது. அங்கே பாட்டு வேட்பாளரை நகைத்தது. தமிழகத்தில் வேட்பாளருக்கு வழி சமைத்தது.

ஆயினும் பாட்டு வாக்குறுதியே. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமே அதற்குச் செயல்வடிவம் தந்தது. பாட்டைச் சுவைக்கலாம், வாக்கையோ செயலை எடைபோட்டே அளித்தல் வேண்டும். 'வினைத்திட்பம்' என்னும் குறள் அதிகாரம் உணர்த்தும் பாடமும் இதுவேயாம்.