ஊமைப் படங்கள் கடந்த எல்லையும் கடக்காத எல்லையும்

தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் நெருங்கி நிற்கும் வேப்பனப்பள்ளிப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அன்றாடம் புழங்குகின்றன. ஊமைப் படக் காலத்தில் இது சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம். படங்கள் தயாரான பெங்களூர், மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. விளிம்பில் வாழ்பவர்களுக்கு அன்றைய திரை எவ்வளவு இடம் தந்தது என்று கேட்க இது ஏற்ற ஊர்.

எல்லைப்புறக் கதையை ஒரு படவகையாகவே வளர்த்தது அமெரிக்கா. 1914-இல் வந்த 'தி ஸ்குவா மேன்' படத்தில் ஹோ-சங்க் பழங்குடிப் பெண்ணான ரெட் விங் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். 1925-இல் வந்த 'தி வேனிஷிங் அமெரிக்கன்' பழங்குடியினரின் துயரத்தைப் பரிவோடு பேசியது. ஆனால் அதில் பழங்குடி நாயகனாக நடித்தவர் ரிச்சர்ட் டிக்ஸ் என்ற வெள்ளையர். நவஹோ மக்கள் கூட்டக் காட்சிகளில் நின்றார்கள். பரிவு கூடியபோதும் நாயகன் இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய அமெரிக்கப் படங்கள்தாம் அன்று சென்னை மாகாணத்துத் திரைகளையும் நிறைத்தன. 1927-28-இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு இந்த ஆதிக்கத்தையும் ஆராய்ந்தது.

நம் பக்கத்தில் மொழி ஒரு தடையாகவே இல்லை. தென்னக ஊமைப் பட முன்னோடியான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' பல மொழி எழுத்து அட்டைகளோடு வந்தது. பெங்களூரில் ஹரிபாய் தேசாய் என்ற குஜராத்தியர் சூர்யா பிலிம் கம்பெனியை நடத்தினார். கன்னட நாடக உலகின் குப்பி வீரண்ணா, ரஃபேல் அல்கோயெட் என்ற பெல்ஜியக்காரர் இயக்கத்தில் நடித்தார். வீரண்ணாவின் 'ஹரி மாயா'வை இயக்கியவர் தெலுங்கரான ஒய்.வி. ராவ். மோகன் பவ்நானி 1931-இல் எடுத்த 'வசந்தசேனா'வில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கன்னட நாடகாசிரியர் டி.பி. கைலாசமும் ஏனாக்ஷி ராம ராவும் கமலாதேவி சட்டோபாத்யாயவும் நடித்தார்கள். பம்பாயில் யூதப் பெண்ணான ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனார். ஆங்கிலோ-இந்தியரான ரெனே ஸ்மித் சீதா தேவி ஆனார். குரல் கேட்காத திரையில் உச்சரிப்பு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

சாதி காட்டிக்கொடுத்தது. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் திருவனந்தபுரத்தில் எடுத்த 'விகதகுமாரன்' படத்தில் பி.கே. ரோசி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். படம் வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர்கள் வேறுபட்டுச் சொல்கிறார்கள். கேபிடல் தியேட்டரில் திரையிட்டபோது ஆதிக்கச் சாதியினர் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் லாரி ஒன்றில் ஏறித் தப்பி, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

கமலாதேவியையும் ரோசியையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் தென்னக ஊமைப் பட வரலாற்றை எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, விடுதலைப் போராட்டத்தில் பெயர் பெற்ற கமலாதேவி திரையில் தோன்றியது துணிச்சல்தான், ஐயமில்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்காக அவர் வீட்டையும் ஊரையும் பெயரையும் இழக்க நேரவில்லை. வேற்று மதத்துப் பெண்கள் இந்துப் பெயர் சூடி நாயகிகளாக வந்தபோது கைதட்டிய காலம் அது. உள்ளூர் தலித் பெண் உள்ளூர் உயர்சாதிப் பெண்ணாக வந்ததைத்தான் அந்தக் காலத்தால் பொறுக்க முடியவில்லை.

'விகதகுமாரன்' படச்சுருள் எஞ்சவில்லை. ரோசியின் பெயரை இன்று மீட்டெடுத்திருப்பவை பிற்கால ஆய்வுகளும் 2013-இல் வந்த 'செல்லுலாய்ட்' போன்ற படங்களும் சென்னையில் அவர் பெயரால் நடக்கும் தலித் திரைப்பட விழாவும். பெங்களூர்ப் படங்களில் பெரும்பாலானவையும் அழிந்துவிட்டதால், எல்லைப்புற ஊர்களின் கதைக்குக் காகிதங்களைத்தான் நாட வேண்டும். 1918-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி படம் காட்ட மாவட்ட மாஜிஸ்திரேட்டின் உரிமம் வேண்டியிருந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் உரிமக் கோப்புகளிலிருந்து அந்தத் தேடலைத் தொடங்கலாம்.